நெசவூர் மூத்தோரின் வாழ்க்கையை நினைவுகூர்தல்: ஆரணி வட்டார முள்ளிப்பட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஓர் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்த மூத்தோரின் வாழ்க்கையைப் பதிவு செய்வது வாய்மொழி வரலாற்றின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். நெசவூர்களில் இப்பணிக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. தறி, துணி, வரி, கூலி ஆகியன பல நூற்றாண்டுகளாக ஆவணங்களில் இடம்பெற்றுவர, நெய்தவரின் பெயரும் வாழ்வும் அவற்றில் இடம்பெறுவது அரிது. ஒரு பெயர் பதிவானாலும் அது பெரும்பாலும் தறியில் அமர்ந்த ஆணின் பெயராகவே அமைகின்றது. பாவும் தாரும் ஆயத்தம் செய்த பெண்களும், தறியின் ஓரத்தில் அமர்ந்த சிறுவர்களும் விடுபடுகின்றனர். திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு என்னும் நெசவூரை முன்வைத்து, இவ்விடுபடலின் காரணங்களையும், நெசவு வேலையையே நினைவின் சட்டகமாகக் கொண்டு மூத்தோரின் வாழ்க்கையைப் பதிவு செய்வதற்குரிய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: வாய்மொழி வரலாறு, நெசவூர், ஆரணிப் பட்டு, முள்ளிப்பட்டு, நடுகல், முன்பணம், பெண் உழைப்பு, நினைவு.

முன்னுரை

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தமிழகத்தின் பட்டு நெசவு வரைபடத்தில் காஞ்சிபுரத்தை அடுத்து எண்ணத்தக்கவை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இவ்வட்டார நெசவூர்களுள் ஒன்று முள்ளிப்பட்டு. பட்டுக்கு முன்னர் இப்பகுதி மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆரணி மஸ்லின் என்ற பெயர் ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் காணப்படுவது இதற்குச் சான்றாகும். பருத்தியிலிருந்து பட்டுக்கும், அடையிலிருந்து ஜக்கார்டுக்கும், கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கும் நிகழ்ந்த மாற்றங்கள் நெசவு வீடுகளுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழப்பெற்றவை.

இம்மாற்றங்களைக் கண்ணால் கண்டவர்களின் எண்ணிக்கை குறைந்துவருகின்றது. 1953ஆம் ஆண்டுக் கைத்தறி நெருக்கடியின்போது பத்து வயதாக இருந்தவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். அவர் மறையும்போது ஒரு வேலைமுறையைப் பற்றிய அறிவும், ஆவணம் எதிலும் எழுதப்படாத ஒரு குடும்பக் கணக்கும் உடன் மறைகின்றன. ஆகவே நெசவூரின் மூத்தோரை நினைவுகூர்தல் என்பது இரங்கலுரையோடு முடிந்துவிடும் செயலன்று. காலவரம்புக்கு உட்பட்ட ஆய்வுப்பணி அது. அப்பணியில் எவரை, எவ்வாறு, எதைக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் மையவினா.

1. தறியை எண்ணிய ஆவணங்கள்

தமிழக நெசவு வரலாற்றுக்குச் சான்றுகள் குறைவில்லை. இடைக்காலக் கல்வெட்டுகள் தறியிறை, தறிக்கடமை எனத் தறியின்மீது விதிக்கப்பட்ட வரிகளைக் குறிக்கின்றன. வரி தறிக்கு உரியது. அத்தறியில் அமர்ந்தவர் யார், அவருக்கு எத்தனை மக்கள், அவர் எங்கிருந்து வந்தார் என்பன வரித்தண்டலுக்குத் தேவையற்ற செய்திகள். கைக்கோளர், சாலியர் முதலிய நெசவுக் குலங்கள் குழுக்களாகக் கல்வெட்டில் தோன்றுகின்றன. அவர்கள் பெற்ற சிறப்புரிமைகளும் அளித்த கொடைகளும் அங்குப் பதிவாகியுள்ளன. விஜயா ராமசாமியின் இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய ஆய்வு (1985) இக்கல்வெட்டுகளைக் கொண்டே அவர்களின் சமூகப் பொருளியல் நிலையை வரைந்துகாட்டியது. குழுவின் வரலாற்றை எழுதக் கல்வெட்டு போதுமானதாக இருக்கின்றது. தனியொருவரின் வாழ்வை எழுத அது இடந்தருவதில்லை.

ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் காலத்தில் துணிக் கணக்கு மிக விரிந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) துணி வணிகத்தின் அன்றாட நடப்பை வணிகர் நிலையிலிருந்து காட்டுகின்றது. பின்வந்த ஆங்கிலேய ஆட்சியின் மாவட்டக் கையேடுகள் ஊர்தோறும் நிகழ்ந்த கைத்தொழில்களைத் தொகுத்தன. வட ஆற்காடு மாவட்டக் கையேடு 1881ஆம் ஆண்டு வெளிவந்தது. 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் நெசவுக் குலங்களின் வழக்கங்களை விவரித்தது. இவற்றிலும் நெசவாளர் ஒரு குலமாகவோ ஒரு தொழிலாகவோ தோன்றுகிறாரே அன்றி ஒரு மனிதராகத் தோன்றுவதில்லை.

விடுதலைக்குப் பிந்தைய ஆவணங்களும் இப்போக்கிலிருந்து முற்றிலும் விலகவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பதிவேடு, கூலிப் புத்தகம், சேமிப்புக் கணக்கு ஆகியவற்றில் முதன்முறையாக நெசவாளர் பெயர் தொடர்ச்சியாக எழுதப்பட்டது. இது பெரிய மாற்றமாகும். எனினும் சங்க உறுப்பினர் என்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆண். முதலாளியிடம் நூல் பெற்றுக் கூலிக்கு நெய்தவர் பெயர் அம்முதலாளியின் கணக்கேட்டில் மட்டும் இருந்தது. அவ்வேடு பொது ஆவணக் காப்பகங்களுக்கு வருவது அரிது.

2. பெயரைப் பொறித்த கல்

எளியவரின் பெயரைப் பதியும் மரபு தமிழ் நிலத்தில் இல்லாமற்போனதால் இவ்விடுபடல் நேர்ந்தது எனக் கருதுவது பொருந்தாது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் புகழ்பெற்றது. இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் தொகுதியைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டு வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் குறித்துத் தொடங்கும் இக்கற்கள், ஆநிரை மீட்பிலும் ஊர்ப் பூசலிலும் இறந்த வீரர்களின் பெயரையும், அவர்கள் எதன்பொருட்டு இறந்தனர் என்பதையும் சுருக்கமாகச் சொல்கின்றன.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனித்துச் சுட்டத்தக்கது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த அக்கல், தன் எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்டது. அவனருகே நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு கால்நடைக் காவலனின் பெயரோடு அவனது நாயின் பெயரையும் நிலைநிறுத்தத் தகுதியானது எனக் கருதிய ஒரு நிலப்பகுதியில், இருபதாம் நூற்றாண்டில் ஐம்பதாண்டுகள் தறியில் அமர்ந்தவரின் பெயர் அவருடைய பேரக்குழந்தைகளின் நினைவைத் தாண்டி நிற்பதில்லை. இம்முரண் ஆய்வாளரின் கவனத்துக்குரியது.

இம்முரணுக்கு விளக்கம் நடுகல்லின் இயல்பிலேயே உள்ளது. நடுகல் ஒரு சாவை நினைவுகூர்கின்றது. ஒரு நாள், ஒரு நிகழ்வு, ஒரு வீழ்ச்சி என அதன் செய்தி ஒரு கல்லில் அடங்கும். நெசவு அத்தகைய நிகழ்வன்று. ஒரே அசைவு நாளுக்குப் பல்லாயிரம் முறை, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது அது. நாளும் நிகழ்வதைச் செய்தியாகக் கருதாத மனநிலையே நெசவாளரின் வாழ்க்கையைப் பதிவுக்கு வெளியே நிறுத்தியது எனலாம். மூத்த நெசவாளரை அணுகும் ஆய்வாளர் அவருடைய வாழ்வில் ‘சிறப்பான நிகழ்ச்சி’ எதுவெனக் கேட்டால் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்னும் விடை வரக்கூடும். அவ்விடையின் குறை கேள்வியைச் சார்ந்தது. நடுகல்லின் இலக்கணத்தைக் கொண்டு தறியை அளக்க இயலாது.

3. வேலையே காலக்கணக்கு

நெசவூரில் காலம் ஆண்டு எண்ணால் மட்டும் அளக்கப்படுவதில்லை. ஒரு பாவு தறியில் ஏறியதிலிருந்து அறுத்து இறக்கும்வரை ஒரு காலஅளவு. பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் பாவு பிணைத்தல் இரு காலஅளவுகளுக்கு இடையிலான எல்லை. திருமண முகூர்த்தங்கள் மிகுந்த மாதங்களுக்கும் தீபாவளிக்கும் முன் வேலை நெருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியின் குழியில் ஈரம் ஏறும். தெருவில் பாவை நீட்டி ஒழுங்குபடுத்த இயலாது. வேலை நின்றால் கூலி நிற்கும். ஆகவே மழைக்காலம் நெசவு வீட்டின் நினைவில் பெரும்பாலும் கடனின் காலமாகப் பதிவாகின்றது.

இதனால் ‘அது எந்த ஆண்டு நிகழ்ந்தது?’ என்ற கேள்வியைவிட ‘அப்போது தறியில் என்ன இருந்தது?’ என்ற கேள்வி மிகுதியான விடையைத் தரவல்லது. பருத்திச் சேலையா பட்டா, எத்தனை நாடா, கரை எவ்வகை, ஜக்கார்டு வந்துவிட்டதா, நூலைத் தந்தது சங்கமா முதலாளியா என்னும் வினாக்கள் ஒவ்வொன்றும் காலத்தைக் குறுக்கித் தருகின்றன. அடை கட்டி நெய்த காலத்துக்கும் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு பொருத்திய காலத்துக்கும் இடையிலான கோடு, பல வீடுகளில் குடும்ப வரலாற்றின் கோடாகவும் அமையக்கூடும். அடை கட்டத் தெரிந்தவரின் மதிப்பு குறைந்ததும், அவர் கைத்திறன் அட்டைக்கு மாறியதும் அக்கோட்டின் இருபுறமும் நிற்கும் வாழ்க்கைகள்.

இவ்வகக் காலக்கணக்கைப் பொதுக் காலக்கணக்கோடு பொருத்துவதற்குச் சில நிலையான குறிகள் உதவுகின்றன. 1953ஆம் ஆண்டில் தேங்கிய கைத்தறித் துணியை அண்ணா உள்ளிட்ட திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் தெருவில் தோளில் சுமந்து விற்றமை; 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடிநிலை; 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை மாவட்டம் உருவானமை, 2016 நவம்பரில் உயர்மதிப்புப் பணத்தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டமை, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தமை, 2020 மார்ச்சில் தொடங்கிய பொதுமுடக்கம் ஆகியன அத்தகைய குறிகள். இறுதி மூன்றும் கடந்த காலம் என்னும் தொலைவை இன்னும் பெறாதவை. கூலி பணமாகக் கைமாறிய ஒரு தொழிலில் 2016ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்பதும், திருமணங்கள் நின்றுபோன 2020இல் தறி எத்தனை நாள் ஓய்ந்திருந்தது என்பதும் இப்போதே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

4. பெயர் பெறாத கைகள்

நெசவாளர் என்ற சொல் தறியில் அமர்ந்தவரை மட்டும் குறிக்குமானால், நெசவூரின் பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு அச்சொல்லுக்கு வெளியே நின்றுவிடும். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலும் சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் நேரே தறிக்குச் செல்வதில்லை. நூலைப் பிரித்தல், ராட்டையில் சுற்றுதல், தார் சுற்றுதல், பாவு ஓடுதல், அறுந்த இழையை முடிதல், பாவு பிணைத்தல் எனத் தறிக்கு முன்னும் தறியின் அருகிலும் நிகழும் வேலைகள் பல. இவற்றுள் பெரும்பங்கு பெண்களால், வீட்டுவேலைகளுக்கு ஊடே, தனிக்கூலியின்றிச் செய்யப்பெற்றது. சேலைக்குத் தரப்படும் கூலியில் இவ்வேலைகளும் அடக்கம் எனக் கருதப்பட்டதால், கூலிப் புத்தகத்தில் எழுதப்பட்ட ஒரு பெயருக்குப் பின்னால் மூன்று நான்கு பேரின் உழைப்பு மறைந்தது.

நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டில் 35.22 லட்சம் நெசவாளரும் துணைத்தொழிலாளரும் உள்ளனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் காட்டியது. இவ்விகிதத்தில் வடகிழக்கு மாநிலங்களின் பங்கு பெரிது என்பதால் இதை அப்படியே ஆரணி வட்டாரத்துக்குப் பொருத்துதல் தகாது. ஆயினும் துணைத்தொழிலாளர் என்ற தனி வகைமையை அக்கணக்கெடுப்பு கையாள்வது கவனிக்கத்தக்கது. தறியைச் சுற்றிய கைகள் எண்ணிக்கைக்குள் வந்துவிட்டன. நினைவுப் பதிவுக்குள் அவை இன்னும் வரவேண்டியுள்ளது.

சிறுவர்களின் நிலை இதனினும் நுட்பமானது. காஞ்சிபுர மரபைச் சார்ந்த பட்டு நெசவில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமைந்து இழையால் கோக்கப்படும் கோர்வை முறையில், ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளத் தறியின் ஓரத்தில் ஓர் உதவியாள் தேவை. அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் சிறுவர்களே. தம் வீட்டுத் தறியில் அமர்ந்தவர்களும் உண்டு. பெற்றோர் பெற்ற முன்பணத்துக்காகப் பிறர் வீட்டுத் தறியில் அமர்ந்தவர்களும் உண்டு. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தை உழைப்பு பற்றிய அறிக்கை, கர்நாடகம், வாரணாசி ஆகியவற்றோடு காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ஆம் ஆண்டிலும் வந்தன. அச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்த காலத்தில் தறியோரம் அமர்ந்திருந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டியவர்கள். நெசவூரின் நெடுங்காலக் குடியினர் என்னும் வரையறைக்குள் அவர்களும் அடங்குவர்.

இங்கு முன்பணம் என்ற சொல்லின் வரலாறு இன்றியமையாதது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி (2001), வணிகரிடம் பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து உடன்பாட்டிலிருந்து விலகும் உரிமை நெசவாளருக்கு இருந்தது என்றும், ஆங்கிலேயக் குழுமத்தின் அரசியல் அதிகாரம் வளர்ந்தபோது அவ்வுரிமை ஒடுக்கப்பட்டது என்றும் காட்டினார். ஒரு காலத்தில் நெசவாளரின் பேரம்பேசும் வலிமைக்கு இடந்தந்த முன்பணம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சிறுவனைத் தறியோரத்தில் கட்டிவைத்த கயிறாகவும் இருந்தது. இவ்விரு முனைகளுக்கு இடையே அச்சொல் எவ்வாறு பொருள் மாறியது என்பதை எந்த அரசு ஆவணமும் முழுமையாகச் சொல்லாது. முன்பணம் வாங்கியவர், கொடுத்தவர், அதற்கு ஈடாக உழைத்தவர் ஆகிய மூவரும் ஒரே ஊரின் மூத்தோராக இன்று வாழக்கூடும். மூவரின் சொல்லும் ஒன்றாக இராது. மூன்றையும் பதிவு செய்தால்தான் அச்சொல்லின் வரலாறு முழுமை பெறும்.

5. புனைகதையும் இனவரைவியலும் தந்தவை

நெசவாளரின் அகவாழ்வை ஆவணங்கள் விட்டபோது அதனை ஏற்றது தமிழ்ப் புனைகதை. தொ.மு.சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் (1953) கைத்தறி நெருக்கடியில் சிக்கிய நெசவாளரின் வாழ்வை அந்நெருக்கடிக் காலத்திலேயே எழுதியது. எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித் தீ (1975) கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவுக் குடும்பங்களின் உள்வாழ்வைக் காட்டியது. அவர் அச்சமூகத்தில் பிறந்தவர். ஜரிகை வணிகத்தை நேரில் அறிந்தவர். ஆரணியிலும் சௌராஷ்டிரர் வாழ்வதால், இவ்வட்டார நெசவு வீடுகளை அறிய முனைவோர்க்கு இந்நாவல் ஒப்பீட்டுக்கு உதவும்.

இனவரைவியலில் கைக்கோளர் பற்றிய மேட்டிசன் மைன்ஸின் ஆய்வும் (1984), காஞ்சிபுரப் பட்டு நெசவுக் கூட்டுறவுகள் பற்றிய இவான் ஆர்ட்டர்பர்னின் ஆய்வும் (1982), காஞ்சிபுரப் பத்மசாலியர் பற்றிய ஆர்த்தி கவ்லராவின் ஆய்வும் (2018) நெசவாளரின் குல அமைப்பையும் நிறுவன வாழ்வையும் தொழிற் பண்பாட்டையும் விளக்கியுள்ளன. இவற்றோடு ஒப்பிடுகையில் ஆரணி போன்ற இரண்டாம் நிலை மையங்களும், அவற்றைச் சார்ந்த முள்ளிப்பட்டு போன்ற ஊர்களும் ஆய்வில் பெற்ற இடம் மிகச் சிறிது. காஞ்சிபுரத்தின் வரலாற்றை ஆரணியின் வரலாறாக எடுத்துக்கொள்ளும் போக்கு, சிறு மையங்கள் பருத்தியிலிருந்து பட்டுக்கு மாறிய தனி வழியை மறைத்துவிடும்.

6. மாறிய நினைவும் சான்றாகும்

முதியோரின் நினைவு நம்பத்தக்கதா என்னும் ஐயம் வாய்மொழி ஆய்வின்மீது அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதற்கு இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி தந்த விடை இன்றும் பயனுடையது. எஃகு ஆலை நகரமான தெர்னியில், நேட்டோ உடன்படிக்கையை எதிர்த்த கூட்டத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று காவல்துறையால் கொல்லப்பட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் அந்நகரின் முதிய தொழிலாளர் பலர் அச்சாவை 1953ஆம் ஆண்டு ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் தவறாக நினைவுகூர்ந்தார்கள் என்று போர்ட்டெல்லி அதனை ஒதுக்கவில்லை. தம் தோழரின் சாவுக்குப் பொருத்தமான பொருளைத் தரக்கூடிய போராட்டத்தோடு அதனை அவர்களின் நினைவு இணைத்தது என்று விளக்கினார். நிகழ்வின் தேதியைத் தருவது ஆவணம். நிகழ்வு மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதைத் தருவது நினைவு.

நெசவூருக்கு இது நேரே பொருந்தும். ஒரு மூத்தவர் தம் குடும்பம் கைத்தறியை விட்ட காலத்தை விசைத்தறியின் வருகையோடு இணைக்கலாம். கணக்கேட்டைப் பார்த்தால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மகளின் திருமணக் கடனாலோ மகனின் கல்விச் செலவாலோ தறி விற்கப்பட்டிருக்கலாம். இரண்டும் உண்மைகளே. முதலாவது அவர் தம் தலைமுறையின் பொதுவிதியாகத் தம் வாழ்வைப் புரிந்துகொண்டதைக் காட்டும். இரண்டாவது அவ்விதி அவர் வீட்டுக்குள் நுழைந்த வழியைக் காட்டும். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய பின்னரும் கைத்தறி ஏன் சுருங்கியது என்னும் வினாவுக்கு, சட்ட வரலாற்றோடு இத்தகைய வீட்டு வரலாறுகளும் சேர்ந்தே விடை தரவேண்டும்.

7. களப்பணிக்குரிய முறைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் முள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் மூத்தோரின் வாழ்க்கையைப் பதிவு செய்வதற்குச் சில முறைகளைக் கூறலாம்.

முதலாவது, பதிவின் அலகு தனிநபராக அன்றி வீடாக அமைதல் வேண்டும். தறி இருந்த வீட்டின் வரைபடத்தை மூத்தோரையே வரையச் செய்து, குழி எங்கிருந்தது, ராட்டை எங்கிருந்தது, அடுப்பு எங்கிருந்தது, விளக்கு யார் பக்கம் இருந்தது, எவர் எங்கு அமர்ந்தார் எனக் கேட்டால் தறியைச் சுற்றிய அத்தனை பேரும் வரைபடத்துக்குள் வந்துவிடுவர். இன்று குழி மூடிச் சிமெண்டுத் தரை போடப்பட்ட வீடுகளில் இவ்வரைபடம் மட்டுமே எஞ்சும் சான்றாகும்.

இரண்டாவது, பெண்களைத் தனியே கேட்டல் வேண்டும். கணவர் முன்னிலையில் ‘உதவி செய்தேன்’ எனச் சொல்லப்படும் வேலை, தனியே கேட்கும்போது நாளொன்றுக்கு எத்தனை தார், எத்தனை நாழிகை என்ற கணக்காக விரியக்கூடும். திருமணமாகி வேறு நெசவூரிலிருந்து வந்த பெண்கள் இரு ஊர்களின் வேலைமுறைகளை ஒப்பிட்டுச் சொல்ல வல்லவர்கள். நெடுங்காலக் குடியினர் என்பதற்குப் பிறந்த ஊரை அளவுகோலாகக் கொண்டால் இவ்வறிவு முழுவதும் கைநழுவும்.

மூன்றாவது, வீட்டு மொழியில் கேட்டல் வேண்டும். சௌராஷ்டிரம் பேசும் வீடுகளில் தறியுறுப்புகளின் பெயரும் வேலைச் சொற்களும் அம்மொழியிலேயே வழங்கக்கூடும். தமிழில் மட்டும் கேட்டுத் தமிழில் மட்டும் எழுதினால் அச்சொற்கள் பதிவாகா. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதி (1982) ஒரு நிலப்பகுதியின் சொல்வளத்துக்குச் செய்ததை நெசவூர்ச் சொற்களுக்கும் செய்யவேண்டிய தேவை உள்ளது. காஞ்சிபுரம், ஆரணி, கும்பகோணம், சேலம் ஆகிய இடங்களில் ஒரே உறுப்புக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களே குடிப்பெயர்வின் தடங்களைக் காட்டக்கூடும்.

நான்காவது, வீட்டில் எஞ்சியுள்ள தாள்களைப் பேச்சோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். கூலிப் புத்தகம், சங்கப் பாஸ் புத்தகம், அடகுச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியன ஒவ்வொன்றும் ஒரு நினைவைத் திறக்கும். பள்ளியை விட்டு நின்ற தேதியும் தறியோரம் அமர்ந்த தேதியும் அருகருகே வரும்போது, பொதுப்புள்ளிவிவரம் சொல்லாத ஒன்றை அவை சொல்லும்.

ஐந்தாவது, ஒப்புதலும் மறைப்பும் முறையாக அமைதல் வேண்டும். பெயரை நிலைநிறுத்துவது இப்பணியின் நோக்கமாயினும், கடன், கொத்தடிமை, குடும்பப் பிணக்கு ஆகியவற்றைச் சொன்னவரின் பெயர் வெளிப்பட்டால் அவருக்கு ஊருக்குள் கேடு விளையலாம். கடன் கொடுத்தவரின் குடும்பமும் அதே தெருவில் வாழ்வது நெசவூரின் இயல்பு. எப்பகுதி பெயரோடு, எப்பகுதி பெயரின்றி, எப்பகுதி அவர் காலத்துக்குப் பின் என்பதைச் சொன்னவரே முடிவு செய்யும் உரிமை வேண்டும். பதிவின் படி ஒன்று அவர் வீட்டுக்குத் திரும்பச் செல்லுதல் வேண்டும். மற்றொரு படி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்கள் ஏற்குமாயின் அவற்றிலோ, அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நூலகத்திலோ வைக்கப்படலாம். முனைவர்ப் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நான்கு பக்கங்களாகச் சுருங்கி, மூல ஒலிப்பதிவு அழிந்துபோகும் இன்றைய நிலை மாறவேண்டும்.

முடிவுரை

நெசவூர்களைப் பற்றிய ஆவணங்கள் நெடுங்காலமாகத் தறியை எண்ணின, துணியை விலைமதித்தன, குலத்தை விவரித்தன. அவ்வூர்களில் வாழ்ந்து முதிர்ந்தவர்களைப் பெயரோடும் வேலைப்பங்கோடும் பதியும் பணி பெரும்பாலும் நிகழாமல் உள்ளது. இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. எளியவரின் பெயரைப் பதியும் மரபு இதே மாவட்டத்தின் நடுகற்களில் உண்டு. அம்மரபு நிகழ்வை நினைவுகூர்வது. நாள்தோறும் தொடரும் உழைப்பை நினைவுகூர அதனின் வேறான முறை தேவைப்படுகின்றது.

2. நெசவூரின் நினைவு வேலையைச் சார்ந்து அமைவதால், தறி, பாவு, நாடா, கூலி ஆகியவற்றின் வழியே வினவுதல் ஆண்டு எண்ணின் வழியே வினவுதலைவிடப் பயன் மிகுந்தது.

3. நெசவாளர் என்ற சொல்லைத் தறியில் அமர்ந்தவரோடு நிறுத்தாமல், பெண்களையும் முன்னாள் சிறார் உழைப்பாளரையும் உள்ளடக்கி விரிக்கும்போதே ஊரின் வரலாறு முழுமை பெறும்.

4. முதியோரின் நினைவில் காணும் முரண்கள் நீக்கத்தக்க பிழைகள் அல்ல. அவை தனித்து விளக்கப்படவேண்டிய சான்றுகள்.

முள்ளிப்பட்டிலும் அதனைப் போன்ற ஊர்களிலும் இப்பணியைத் தொடங்கப் பெரும் நிதி தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும், நெசவு வேலையை முன்கூட்டியே கற்றறிந்த ஆய்வு மாணவர் சிலரும், ஒரு வீட்டுக்குப் பலமுறை செல்லும் பொறுமையும் போதுமானவை. அருகிலுள்ள கல்லூரித் துறைகள் இதனைத் தம் களப்பணிப் பாடத்தின் பகுதியாக்கினால், தறிக்குழியின் ஆழத்தையும் தாரின் எண்ணிக்கையையும் தம் கையால் அறிந்த கடைசித் தலைமுறையின் பெயர்கள் அவர்கள் சொல்லோடு சேர்ந்தே நிலைபெறும்.